பற்று வரவு

மாசி போய்ப் பங்குனியும் பாதி போய்விட்டது.
பூமழை இறங்கவில்லை.
காப்பிச் செடியில் மொட்டு
பச்சரிசி அளவோடு நின்று, பழுத்து,
காம்பை விட்டுக் கழன்று விழுகிறது.
எஸ்டேட்டில் ஆறு வாரமாய்ச் சம்பளமில்லை.
'சனிக்கிழமை' என்கிறார் ரைட்டர்.
எந்தச் சனிக்கிழமை என்று சொல்வதில்லை.

நாகலூர் முக்கில் என் கடை.
மளிகை, கயிறு, கொசுவத்தி, ரீசார்ஜ்.
ஆணியில் தொங்கும் நீள நோட்டில்
இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.
வலப்பக்கம் இப்போது
நேற்று வாங்கிய நோட்டுப்போல் இருக்கிறது.

சலேத் மேரி ஏழு மணிக்கு வருவாள்.
கடன் கேட்கும்போது அவள் குரல் தாழாது.
அதுதான் எனக்கு எரிச்சல்.
ஒரு கிலோ அரிசி, கால் கிலோ பருப்பு,
பொடியனுக்கு ஒரு பன்.
"எழுதிக்கங்கண்ணா, ஆண்டவர் குடுப்பார்."

ஒருநாள் கேட்டேவிட்டேன்.
"குடுக்கறது ஆண்டவரா, நானா?
தராசு யார் கையில இருக்குன்னு பாரு."
அவள் பார்த்தாள்.
"முள் இன்னும் நிக்கலீங்கண்ணா,
கொஞ்சம் போடுங்க" என்றாள்.

அன்றிரவு கூட்டிப் பார்த்தேன்.
பதினாலு வீடு, முப்பத்தோராயிரத்துச் சொச்சம்.
அவள் கணக்கு மட்டும்
நாலாயிரத்து இருநூற்று ஐம்பது.
பெயருக்கு நேரே பென்சிலால்
'ஆண்டவர் பொறுப்பு' என்று எழுதினேன்.
கோபத்தில்தான் எழுதினேன்.

மறுநாள் முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
என் வயிற்றுக்குள் திரும்பின.
செவ்வாய்ப்பேட்டை மண்டியில்
எனக்கே இரண்டு மாதப் பாக்கி.
வேடியப்பன் முன்னால் நின்றபோது
நான் பேசியது என் காதிலேயே விழவில்லை.
அவர் பேரேட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை.
வெல்லச் சிப்பத்தின்மேல் ஈக்கள்.
எங்கிருந்தோ ஜவ்வரிசி ஆலையின் புளித்த காற்று.
"மேல எத்தனை குடும்பம்?"
"பதினாலுங்க."
"நாலு மூட்டை ஏத்துடா" என்றார் பையனிடம்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
பேரேட்டின் இடப்பக்கத்தில்
அவர் என் பெயரை எழுதுவதைத்
தலைகீழாகப் படித்தேன்.
இவர் பெயர் யாருடைய நோட்டில் இருக்கும்?
அந்த யாரோ எவரிடம் நிற்பார்,
எந்தக் குரலில் கேட்பார்?
டெம்போ வாடகையையும் பேரேட்டில் ஏற்றினார்.
திரும்பும் வழியெல்லாம்
மூட்டைமேல் கைவைத்தபடியே வந்தேன்,
யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல.

செவ்வாய்க்கிழமை சேர்வராயன் மலைக்கு நடந்தேன்.
குகை வாசல் தாழ்ந்தது.
குனியாமல் எவரும் உள்ளே போனதில்லை.
குனிந்ததில் சட்டைப்பைப் பென்சில்
இருட்டில் எங்கோ உருண்டுவிட்டது.
கேட்பதற்கு நிறைய வைத்திருந்தேன்.
முப்பத்தோராயிரம் என்று ஆரம்பிக்கும்போது
பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது.
மழையில்லை, பாறைக் கசிவு.
எந்த வருஷத்து மழையோ.
நாங்களெல்லாம் மறந்துபோன பிறகும்
கல்லுக்குள் நடந்துகொண்டே இருந்திருக்கிறது.
அதற்குமேல் கணக்குச் சொல்ல வாய் வரவில்லை.
பற்று என்ற சொல்லைக் கடைக்கு வெளியே
நான் யோசித்ததில்லை என்பது மட்டும்
இறங்கி வரும்போது தோன்றியது.

இன்னும் மழை இல்லை.
மேற்கே கறுத்துக் கறுத்துக் கலைகிறது.
ரைட்டர் இப்போது சனிக்கிழமையும் சொல்வதில்லை.
இரண்டு மூட்டை தீர்ந்துவிட்டது.

ஏழு மணி. சலேத் மேரி.
சீமாறு கட்டி விற்ற காசு என்று
கசங்கிய இருபது ரூபாயை நீட்டினாள்.
"வரவுல வைங்கண்ணா."
வலப்பக்கத்தைத் திறந்தேன்.
அந்த வெள்ளையில் எங்கே தொடங்குவது என்று
பேனா கொஞ்சம் தயங்கியது.
எதிர்ப்பக்கத்தில் என் பென்சில் கிறுக்கல்
அழியாமல் அப்படியே இருந்தது.
"யார் பேர்ல வைக்க?" என்றேன்.
விளையாட்டாகத்தான் கேட்டேன்,
முழுக்க விளையாட்டுமில்லை.

அவள் நோட்டைப் பார்க்கவில்லை.
"முள்ளைப் பாருங்கண்ணா" என்றாள்.